சுகமாகு, சுகமாவாயாக, சுகமானாய்

அப்பா செத்துப் பிழைத்த கதை எங்கள் சபையில் தெரியாதவர் இல்லை. நுரையீரலில் தொடங்கிய தொற்று இரத்தத்தில் பரவி, தொண்டைக்குள் குழாய் போட்டு, சிறுநீரும் நின்றுபோய், "பார்க்க வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்ட ராத்திரி அது. சபையார் இருபது பேர் ஐசியூவுக்கு வெளியே படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து விடியவிடிய ஜெபம் பண்ணினார்கள். மூன்றாம் நாள் காலை அப்பா கண்ணைத் திறந்தார். அடுத்த மாதம் தானே நடந்து வந்து ஆலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தார். அதிலிருந்து வருடா வருடம் அந்த வாரத்தில் சாட்சி சொல்வது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

நான் மெய்ப்புப் பார்க்கிற வேலையில் இருப்பவன். ஒரே பிரதி நாலைந்து தடவை கைக்கு வந்தால், எந்த வரி காணாமல் போனது என்று கண் தானாகத் தேடும். முதல் வருடச் சாட்சியில் ஒரு வாக்கியம் இருந்தது: "அன்னைக்கு ராத்திரிதான் டாக்டர் மருந்தை மாத்தினார்." கல்ச்சர் ரிசல்ட் வந்து, அதுவரை ஏற்றிய ஆன்டிபயாடிக் அந்தக் கிருமியிடம் எடுபடவில்லை என்று தெரிந்து வேறொன்றுக்கு மாற்றியிருந்தார்கள். இரண்டாம் வருடம் அந்த வாக்கியம் "டாக்டர்களும் என்னென்னவோ செஞ்சு பார்த்தாங்க" என்று ஆனது. மூன்றாம் வருடம் "டாக்டர்கள் கைவிட்டாங்க". அப்பா பொய் சொல்லவில்லை. கேட்கிறவர்கள் எந்த இடத்தில் "அல்லேலூயா" சொன்னார்களோ அந்த இடம் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் பெருத்தது. சொல்லாத இடம் உதிர்ந்தது. வாய்வழியாக வரும் எந்தக் கதைக்கும் நடப்பதுதான் இது.

வேதத்தைப் பிரதி எடுத்தவர்கள் இந்த விஷயத்தில் எங்களைவிடக் கறாரானவர்கள். எசேக்கியா ராஜா சாகக் கிடக்கிறான். சுவர்ப்புறமாய்த் திரும்பி அழுது ஜெபிக்கிறான். ஏசாயா பாதி முற்றத்தைத் தாண்டுவதற்குள் அவனுக்குப் பதினைந்து வருடம் கூட்டிக் கொடுத்தாயிற்று என்ற வார்த்தை வருகிறது. அங்கேயே கதையை முடித்திருந்தால் எத்தனை அழகான சாட்சி! ஆனால் அடுத்த வரியிலேயே ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்கிறான். அதைப் பிளவையின்மேல் பற்றுப்போட்ட பிறகுதான் ராஜா பிழைத்தான் என்று எழுதியிருக்கிறது. அந்த அடையை யாரும் வெட்டியெறியவில்லை.

அப்பா பிழைத்து நாலு வருடம் கழித்து அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது.

எங்கள் வீட்டில் சுகம் என்பது ஏறக்குறைய குடும்பச் சொத்தாகியிருந்த நேரம். அப்பாவுக்குச் செய்தவர் மகளுக்குச் செய்யமாட்டாரா என்று எல்லோரும் கேட்டார்கள், ஆறுதலாகத்தான் கேட்டார்கள். அறுவை சிகிச்சை ஆயிற்று, கீமோ ஆயிற்று, ஒன்றரை வருடம் நன்றாக இருந்தாள். பிறகு முதுகெலும்புக்குப் போய்விட்டது. அந்தச் சமயத்தில் ஓர் ஊழியர் வீட்டுக்கு வரத் தொடங்கினார். நல்ல மனிதர், காணிக்கை கொடுத்தால் வாங்கவும் மாட்டார். அவரிடம் ஒரே ஒரு போதனைதான் இருந்தது. பைபிளைத் திறந்து 1 பேதுரு 2:24-ல் விரலை வைத்து அக்காவிடம் காட்டுவார். "அவருடைய தழும்புகளால் குணமானீர்கள். பாருங்க சிஸ்டர், குணமாவீர்கள்னு இல்லை. குணமானீர்கள். முடிஞ்சுபோன காரியம். அதை நீங்க வாயால அறிக்கை செய்யணும். வலிக்குதுன்னு சொல்லவே சொல்லாதீங்க. அது அவிசுவாச வார்த்தை."

அக்கா கீழ்ப்படிந்தாள். அதை நான் ஒரு மதியம் பார்த்தேன். சபையிலிருந்து இரண்டு பேர் வந்து, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்கள். "சுகமா இருக்கேன், ஸ்தோத்திரம்" என்றாள். சிரித்த முகம். வந்தவர்களுக்குத் தெரியாதபடி போர்வைக்குள் அவள் வலது கை கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்தது. அவர்கள் போனதும் கையை வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் கம்பியின் திருகாணி பதிந்து, வட்டமாகச் சிவந்து கிடந்தது. டாக்டரிடமும் அவள் இப்படித்தான் சொல்லியிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. வலிக்குப் பத்தில் எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்று கேட்டால் இரண்டு என்பாளாம். அதனால் வலி மருந்தின் அளவை அவர்கள் கூட்டவே இல்லை.

அன்று ராத்திரி நான் அந்த வசனத்தோடு மல்லுக்கு நின்றேன். பேதுரு இறந்தகாலத்தில் எழுதியது உண்மைதான். அவர் மேற்கோள் காட்டும் ஏசாயா 53-ல் நம் தமிழ்ப் பைபிள் "குணமாகிறோம்" என்று நிகழ்காலத்தில் வைத்திருக்கிறது. பேதுருவின் வரிக்கு முன்னும் பின்னும் வாசித்தால் பேச்செல்லாம் பாவத்தைப் பற்றியும் வழிதப்பிய ஆடுகளைப் பற்றியும்தான். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அடிபடுகிற வேலைக்காரர்கள். உடம்பின் நோயை அந்த அதிகாரத்துக்கு அந்நியமானது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அதே ஏசாயா வரிகளை மத்தேயு, இயேசு நோயாளிகளைச் சொஸ்தமாக்கிய மாலையோடு இணைக்கிறார். ஆனால் ஒரு வினைமுற்றின் காலத்தை எடுத்து அதை நோயாளியின் வாயில் பூட்டாகப் போடுவது பேதுரு நினைத்த காரியமாக எனக்குப் படவில்லை. இந்த 'அறிக்கை' போதனைக்கு வயதும் அதிகமில்லை. 1948-ல் இறந்த அமெரிக்கப் பிரசங்கியார் எஸெக் கென்யன் போன்றவர்களிடமிருந்து கிளம்பி, வானொலி, கேசட், தொலைக்காட்சி என்று உலகம் சுற்றி எங்கள் வீட்டுக் கட்டில் வரைக்கும் வந்தது.

பள்ளிக்கூட இலக்கணத்தில் ஏவலும் வியங்கோளும் அடுத்தடுத்து வரும். எழு, நட, வா என்று எதிரில் நிற்பவரை நோக்கி மட்டும் போவது ஏவல். வாழ்க, வருக, ஒழிக என்பது வியங்கோள். வாழ்த்தவும் வையவும் விதிக்கவும் வேண்டவும் வரும், தன்மை முன்னிலை படர்க்கை மூன்றுக்கும் பொது. சுகத்துக்கான ஜெபத்தின் இரண்டாயிரம் வருடச் சரித்திரத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னால், எந்த வினைமுற்றைப் போடுவது என்று சபை தனக்குள் அடித்துக்கொள்வதுதான் அது என்பேன். சுகமாகு என்பதா, சுகமாவாயாக என்பதா, சுகமானாய் என்பதா?

சுவிசேஷங்களில் இயேசு பெரும்பாலும் ஏவலில்தான் பேசுகிறார். "சுத்தமாகு." "எழுந்து, உன் படுக்கையை எடுத்துக்கொண்டு நட." கெஞ்சுவது குஷ்டரோகியின் பக்கம்: "உமக்குச் சித்தமானால்." கொன்னைவாயுடைய செவிடனிடம் வரும்போது மட்டும் அவர் வானத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிறார், 'எப்பத்தா' என்கிறார். அதற்கு நம் மொழிபெயர்ப்பாளர்கள் "திறக்கப்படுவாயாக" என்று வியங்கோளைப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெருமூச்சுக்குப் பிறகு வெறும் 'திற' என்று எழுத அவர்களுக்குக் கை வரவில்லையோ என்னவோ.

அக்காவின் கம்பி பிடித்த கையைப் பார்த்த நாளிலிருந்து என்னைத் தொந்தரவு செய்வது மாற்கு எட்டாம் அதிகாரம். பெத்சாயிதாவில் ஒரு குருடன். இயேசு அவன் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப்போய், கண்களில் உமிழ்ந்து, கைகளை வைத்து, "எதையாகிலும் காண்கிறாயா?" என்று கேட்கிறார். அவர் கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். அவன் பதில்: "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்." பார்வை வந்துவிட்டது, ஸ்தோத்திரம் என்று அவன் சொல்லவில்லை. பாதிதான் தெரிகிறது என்கிறான். அதற்காக யாரும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. மறுபடியும் கை வைக்கப்பட்டது. அவன் உள்ளதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த இரண்டாவது தொடுதல் கிடைத்திருக்குமா?

அப்போஸ்தலர்களின் காலத்திலேயே கதை சீராக இல்லை. பேதுரு அலங்கார வாசலில் "எழுந்து நட" என்கிறார், சப்பாணி குதித்தெழுகிறான். மெலித்தா தீவில் பவுல் புபிலியுவின் தகப்பனுக்கு ஜெபம்பண்ணி, கை வைக்க, ஜுரமும் இரத்தபேதியும் நீங்குகின்றன. அதே பவுல்தான் தன் உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று ஒரே வரியில், காரணம் சொல்லாமல் எழுதிவிட்டுப் போகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். தன் மாம்சத்தில் குத்திய முள் என்று அவரே சொன்ன வேதனைக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டவருக்குக் கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்". பக்கத்தில் லூக்கா என்ற வைத்தியர் வேறு இருந்தார். துரோப்பீமுவின் வரியைச் சுகமளிக்கும் கூட்டங்களில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

இந்தக் கலவையிலிருந்து சபை தனக்கென்று எடுத்துக்கொண்டது யாக்கோபின் நிருபம். "உங்களில் ஒருவன் வியாதிப்பட்டால், அவன் சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக." அவர்கள் எண்ணெய் பூசி ஜெபம்பண்ணக்கடவர்கள். விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும். கர்த்தர் அவனை எழுப்புவார். 'இரட்சிக்கும்' என்பதற்கு நிற்கும் கிரேக்கச் சொல் சோட்ஸோ. நோயிலிருந்து காப்பதும் ஆத்துமாவைக் காப்பதும் அதில் ஒன்றாகவே கிடக்கின்றன. பன்னிரண்டு வருடம் பெரும்பாட்டால், அதாவது நிற்காத இரத்தப்போக்கால், தவித்த பெண்ணிடம் "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்று சொன்னதும் அதே சொல்லால்தான். 'எழுப்புவார்' என்பதும் அப்படியே: படுக்கையிலிருந்தா, கல்லறையிலிருந்தா? யாக்கோபு சொல்லவில்லை. இந்த இரண்டு சொற்களின் இரட்டைப் பொருளில்தான் பின்னால் வந்த சரித்திரம் முழுக்க ஊசலாடியது.

முதல் நூற்றாண்டுகளில் எண்ணெய் எல்லோர் வீட்டிலும் இருந்தது. 416-ல் போப் முதலாம் இன்னொசெந்து எழுதிய ஒரு கடிதத்தில், ஆயர் மந்திரித்த எண்ணெயைக் குருக்கள் மட்டுமல்ல, எல்லாக் கிறிஸ்தவர்களும் தங்களுக்கோ தங்களைச் சேர்ந்தவர்களுக்கோ தேவையானபோது பூசிக்கொள்ளலாம் என்று இருக்கிறது. நானூறு வருடம் கழித்து அந்த எண்ணெய் குருவின் கைக்கு மட்டும் என்று போயிற்று. பாவமன்னிப்போடும் மரணப் படுக்கையோடும் ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதன் பெயரே 'கடைசிப் பூசுதல்'. தமிழில் கத்தோலிக்கர்கள் 'அவஸ்தைப் பூசுதல்' என்றார்கள். சுவாமியார் எண்ணெயோடு வாசலில் நின்றால் வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிடும். நோயாளிக்கே அதுதான் செய்தி. எழுப்புவதற்காக வந்த எண்ணெய் அனுப்பிவைக்கிற எண்ணெய் ஆனது. 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதை 'நோயாளிகளின் பூசுதல்' என்று அழைப்பதே மேல், சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமானதல்ல என்று திருத்தியது. 1972-ல் ஆறாம் பவுல் புதிய முறைமையைக் கொண்டுவந்து, ஒலிவ எண்ணெய் கிடைக்காவிட்டால் வேறு தாவர எண்ணெயும் போதும் என்றார். ஆர்த்தடாக்ஸ் சபைகளில் இவ்வளவு வளைவு இல்லை. ஏழு குருக்கள், ஏழு நிருப வாசகம், ஏழு சுவிசேஷ வாசகம், ஏழு தடவை பூசுதல். பரிசுத்த வாரத்தின் புதன்கிழமையில் நோயுள்ளவர் இல்லாதவர் பார்க்காமல் வந்த எல்லோருக்கும் பூசிவிடுகிற வழக்கமும் அவர்களிடம் உண்டு. எனக்கு அது பிடித்திருக்கிறது. வரிசையில் நிற்கிற யார் நோயாளி என்று யாருக்கும் தெரியாது.

வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்தின் ஆயராக இருந்த அகஸ்தீனுக்கு வருகிறேன். மனம் மாறிய புதிதில், அற்புதங்கள் அப்போஸ்தலர் காலத்துக்கானவை, இப்போது அவை தேவையில்லை என்று எழுதியவர் அவர். முதுமையில் எழுதி முடித்த 'தேவ நகரம்' நூலின் இருபத்திரண்டாம் புத்தகத்தில், ஹிப்போவில் இரண்டு வருடத்துக்குள் ஏறக்குறைய எழுபது சுகங்களை எழுத்தில் பதிய வைத்ததாகச் சொல்கிறார். அவற்றில் ஒன்றை அவரே உடனிருந்து பார்த்தார். கார்த்தேஜில் இன்னொசெந்தியு என்ற வழக்கறிஞருக்கு ஆசனவாயில் பவுத்திரம். ஒரு முறை கத்தி வைத்தாயிற்று. ஆழத்தில் ஒன்று விடுபட்டுவிட்டது. மறுபடியும் அறுக்க வேண்டும் என்றதும் மனிதர் நடுங்கிப்போனார். முந்தின ராத்திரி நண்பர்கள் கூடி ஜெபித்தபோது அவர் யாரோ தள்ளிவிட்டதுபோல் தரையில் விழுந்து, உடம்பு குலுங்க அழுதார். அகஸ்தீன் அங்கே என்ன ஜெபித்தார்? தன்னால் ஜெபிக்கவே முடியவில்லை என்று எழுதுகிறார். மனசுக்குள் ஒரு கேள்வி மட்டும்: ஆண்டவரே, இந்த ஜெபத்தைக் கேட்காவிட்டால் உம்முடைய ஜனத்தின் எந்த ஜெபத்தைத்தான் கேட்பீர்? காலையில் ஆயுதங்களோடு வந்த மருத்துவர்கள் கட்டை அவிழ்த்துப் பார்த்தால், ஆறி இறுகிய தழும்பு.

மேற்கத்திய சபையின் மாபெரும் மூளைகளில் ஒன்று, ஒரு நண்பனின் கட்டிலோரம் நின்று வாய் வராமல் போன அந்த இடம் எனக்கு அந்தச் சுகத்தைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. அது ஏவலும் இல்லை, வியங்கோளும் இல்லை. கேள்வி.

அதே நாலாம் நூற்றாண்டில் இன்னொரு வழியும் திறந்தது. செசரியாவின் ஆயர் பசிலியு ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் குஷ்டரோகிகளுக்குமாக ஒரு பெரிய இல்லத்தைக் கட்டினார். அதில் மருத்துவர்களும் இருந்தார்கள். அவருடைய நண்பர் கிரகோரி அதைப் 'புதிய நகரம்' என்றார். மருத்துவமும் தேவன் கொடுத்ததுதான், ஆனால் முழு நம்பிக்கையையும் அதன்மேல் வைத்துவிடாதீர்கள் என்பது பசிலியு தன் துறவிகளுக்கு எழுதிய வார்த்தை. கோஸ்மாவும் தமியானும் காசு வாங்காத வைத்தியர்கள் என்பதற்காகவே கிழக்கில் இன்றுவரை வணங்கப்படுகிறார்கள். காணிக்கைத் தட்டு மூன்று முறை சுற்றும் சுகமளிக்கும் கூட்டங்களுக்கு அவர்கள் படத்தை ஒன்று மாட்டலாம்.

ராஜாக்கள் விஷயம் கொஞ்சம் வேடிக்கை. கழுத்தில் நெறிகட்டிப் புண்ணாகும் கண்டமாலைக்கு ஆங்கிலேய, பிரெஞ்சு அரசர்கள் தொட்டால் போதும் என்ற நம்பிக்கை பல நூற்றாண்டு ஓடியது. இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மட்டும் ஏறக்குறைய 90,000 பேரைத் தொட்டிருக்கிறார். 1712-ல் ராணி ஆன் தொட்ட குழந்தைகளில் ஒன்று, பிற்காலத்தில் ஆங்கில அகராதி தந்த சாமுவேல் ஜான்சன். குணமாகவில்லை, ஆனால் ராணி கொடுத்த நாணயத்தைச் சாகும்வரை கழுத்தில் போட்டிருந்தார். பிரெஞ்சு அரசர் தொடும்போது சொல்லும் வாசகம், 'ராஜா உன்னைத் தொடுகிறார், தேவன் உன்னைக் குணமாக்குகிறார்' என்று இருந்தது. பதினைந்தாம் லூயியின் 1722 முடிசூட்டிலிருந்து அது 'தேவன் உன்னைக் குணமாக்குவாராக' என்று மாறியது. நிகழ்காலம் போய் வியங்கோள். ஒரு வினைமுற்றை மாற்றி அரண்மனை தன் சந்தேகத்தை நாகரிகமாக ஒப்புக்கொண்டது.

பதினாறாம் நூற்றாண்டில் போப்பின் சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்தக்காரர்கள் எண்ணெயைக் கீழே வைத்தார்கள். கால்வினுக்குச் சுகமாக்கும் வரம் தற்காலிகமானது, முடிந்துபோனது. இங்கிலாந்துச் சபையின் 1549 ஜெபப் புத்தகத்தில் நோயாளி விரும்பினால் எண்ணெய் உண்டு. 1552 பதிப்பில் அது போய்விட்டது. ஆனால் 1540-ல் வைமாரில் சாகக் கிடந்த தன் தோழர் மெலாங்தோனுக்காக லூத்தர் ஜெபித்த விதத்தைப் பார்த்தால் வரம் முடிந்துபோன மாதிரித் தெரியவில்லை. வாக்குத்தத்தங்களையெல்லாம் எடுத்துத் தேவனின் காதில் தேய்த்தேன் என்று பிறகு சொன்னார். மெலாங்தோன் எழுந்து இன்னும் இருபது வருடம் வாழ்ந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கதவு மறுபடி திறந்தது. சுவிட்சர்லாந்தின் மென்னடார்பில் டோரத்தேயா ட்ரூடல் என்ற பெண் நோயாளிகளை வீட்டில் தங்கவைத்து ஜெபித்தார். உரிமமில்லாமல் வைத்தியம் பார்ப்பதாக வழக்கு வந்து 1861-ல் விடுதலையானார். பிறகு அமெரிக்கா, 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில் கிளம்பிய பெந்தெகொஸ்தே எழுப்புதல், கூடாரங்கள், வரிசைகள், ஒலிபெருக்கிகள். இந்தப் பகுதி எல்லோருக்கும் தெரிந்ததே. சுகமளிக்கும் பிரசங்கியார் ஜான் அலெக்சாண்டர் டவுயி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியவர். சிகாகோவுக்கு வடக்கே சீயோன் என்று ஒரு பட்டணத்தையே எழுப்பி, மருத்துவருக்கும் மருந்துக்கடைக்கும் இடமில்லை என்று 1,100 வருடக் குத்தகைப் பத்திரத்தில் எழுதினார். 1902-ல் அவருடைய மகள் எஸ்தர் சாராய விளக்கிலிருந்து தீப்பற்றி இறந்தாள். வயது 21.

டவுயியின் வரியை இங்கேயே விட்டுவிட முடியவில்லை. 1998-ல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், 1975-லிருந்து 1995 வரை, மத நம்பிக்கையால் மருத்துவம் மறுக்கப்பட்டு இறந்த 172 குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். அவர்களில் 140 பேருக்கு இருந்தது, சாதாரண சிகிச்சை கிடைத்திருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பிழைக்கும் நோய். அந்த வீடுகளிலும் 'குணமானீர்கள்' என்ற வசனம் வாசிக்கப்பட்டிருக்கும்.

எதிர்ப்பக்கம் இருந்தும் அளந்து பார்த்திருக்கிறார்கள். நோயாளிகள் சுகம் தேடிப் போகும் பிரான்சின் லூர்து ஊற்றில் 1883 முதல் மருத்துவ அலுவலகம் இயங்குகிறது. சுகம் பெற்றோம் என்று வந்த 7,000-க்கும் மேற்பட்ட கோப்புகளில், அற்புதம் என்று சபை ஏற்றவை 70-ஐச் சற்றே தாண்டும். அந்த ஊற்றைக் கண்ட பெர்னதெத்து ஆஸ்துமாவோடு வாழ்ந்து, எலும்பில் காசநோய் பற்றி, 35 வயதில் இறந்தார். 2006-ல் வெளியான ஓர் ஆய்வு இருதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரைப் பற்றியது. ஜெபிக்கிறவர்களுக்குக் கொடுக்கப்பட்டது நோயாளியின் முதல் பெயரும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தும். ஜெபத்தில் சேர்க்க வேண்டிய வாசகமும் எழுதித் தரப்பட்டது. ஜெபம் உண்டா இல்லையா என்று தெரியாமல் ஜெபத்தைப் பெற்றவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள், பெறாதவர்களில் 51. உனக்காக ஜெபிக்கிறார்கள் என்று நிச்சயமாகச் சொல்லப்பட்டவர்களில் 59. இதை வைத்துச் சிரித்தவர்களும் உண்டு, மழுப்பியவர்களும் உண்டு. எனக்கு அந்த 59 என்ற எண் அக்காவின் உள்ளங்கையைத்தான் நினைவுபடுத்துகிறது. உனக்காக இத்தனை பேர் ஜெபிக்கிறார்கள் என்பது சில சமயம் படுத்திருப்பவரின் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் சபையில் பணி ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் நர்ஸம்மா. அப்பாவுக்கு ஜெபித்த இருபது பேரில் ஒருவர். அக்கா படுத்த படுக்கையான பிறகு ஒரு சாயங்காலம் வந்தார். முதலில் போய்க் கை கழுவினார். பிறகு நாற்காலியை இழுத்து அக்காவின் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்து, "எங்கேம்மா வலிக்குது?" என்றார்.

"சுகமா இருக்கேன் நர்ஸம்மா, ஸ்தோத்திரம்."

"அது இருக்கட்டும். எங்கே வலிக்குது?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இடுப்பில், கீழ் முதுகில், ராத்திரியானால் தொடையெல்லாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நர்ஸம்மா ஒவ்வொரு இடத்திலும் போர்வைக்கு மேலாகவே கையை வைத்துக் கேட்டார், இங்கேயா, இன்னும் கீழேயா என்று. "எனக்கு விசுவாசம் பத்தலை போல" என்று அக்கா சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் கோபமே வந்துவிட்டது. "உன்கிட்ட யார் விசுவாசம் கேட்டா? யாக்கோபு எழுதினதைப் படி. வியாதிக்காரனுக்கு ஒரே ஒரு வேலைதான், ஆளைக் கூப்பிடணும். விசுவாசம் வர்றவங்க கொண்டு வரணும். திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரிச்சு இறக்கினாங்களே, யார் விசுவாசத்தைக் கண்டார் ஆண்டவர்? அவனைத் தூக்கிட்டு வந்தவங்களோடதை. நீ படுத்திரு. நாங்க தூக்கறோம்."

கைப்பையிலிருந்து கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு சீசா எடுத்தார். மூடி இறுகியிருந்தது; பல்லால் திறந்தார். நெற்றியில் எண்ணெய் வைத்து, சத்தமில்லாமல் ஜெபித்தார். காதில் விழுந்த ஒரே வாக்கியம் எரேமியாவினுடையது: "கர்த்தாவே, என்னைக் குணமாக்கும், அப்பொழுது குணமாவேன்." 'இவளை' என்று மாற்றாமல் 'என்னை' என்றே சொன்னார். போகும்போது வாசலில் என் சட்டையைப் பிடித்து நிறுத்தி, "நாளைக்கே டாக்டர்கிட்ட சொல்லி மார்ஃபின் டோஸைக் கூட்டச் சொல்லு. இந்தப் பிள்ளை பத்துக்கு ஒன்பதுல கிடக்குது" என்றார்.

அந்த வாரத்திலிருந்து அக்கா தூங்கினாள். வலிக்கும்போது வலிக்குது என்றாள். சண்டையும் போட்டாள், என்னோடு, அம்மாவோடு, ஆண்டவரோடு. மூன்று மாதம் இருந்தாள்.

அந்த வருடமும் அடுத்த வருடமும் அப்பா சாட்சி சொல்ல எழுந்திருக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. போன மாதம் பாஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டார். சபையில் ஓர் இளம் தம்பதியின் குழந்தை ஐசியூவில் இருக்கிறது, பெற்றவர்கள் உடைந்துபோயிருக்கிறார்கள், உங்கள் சாட்சியைச் சொன்னால் தைரியமாக இருக்கும் என்றார். நான்தான் கூட்டிப்போனேன். மருத்துவமனை வராந்தாவில் அந்தப் பெண் எழுந்து நின்றாள். அப்பா அவளை உட்காரச் சொல்லித் தானும் உட்கார்ந்து, கைத்தடியை முழங்காலில் சாய்த்துக்கொண்டார்.

"நானும் இப்படித்தான் கிடந்தேன்மா. ஆளுங்களை வரச் சொல்லிடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். படிக்கட்டுல இருபது பேர் உட்கார்ந்து ஜெபம் பண்ணினாங்க. அன்னைக்கு ராத்திரிதான் டாக்டர் மருந்தை மாத்தினார். மூணாம் நாள் கண் முழிச்சேன்." கொஞ்ச நேரம் பேசவில்லை. "என் மகளுக்கும் அதே இருபது பேர்தான் ஜெபம் பண்ணினாங்க. அவ போயிட்டா."

பாஸ்டர் சங்கடமாக என்னைப் பார்த்தார். அந்தப் பெண் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க பிள்ளைக்கு ஜெபம் பண்ணுவீங்களா ஐயா?" என்றாள்.

"அதுக்குத்தானே வந்திருக்கேன்" என்று அப்பா கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். "சொல்லும்மா. பிள்ளைக்கு எங்கே வலிக்குது?"